கோகோ மூட்டையை நம்பி இறக்காதீங்க

மண்ணடியில பேக்கரி சாமான் கடை வச்சிருக்கேன். கோகோ பவுடரை வெளிநாட்டுல இருந்து நேரா இறக்கணும்னா, விலை பேசுறதுக்கு முன்னாடி, பவுடர் அரைக்கிற கோகோ கொட்டை நிலவரத்தைப் பாருங்க. உலகக் கோகோவுல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட், கானா ரெண்டுலயும்தான் விளையுது. அங்க மழை பிசகினாலோ மரத்துக்கு வைரஸ் வந்தாலோ, உள்ளூர் ஆலைக்கே கொட்டை தட்டுப்பாடு. 2023 தொடக்கத்துல கொட்டை டன் 2,600 டாலர் அளவுல இருந்தது, 2024 டிசம்பர்ல நியூயார்க் சந்தையில 12,000-ஐத் தாண்டிச்சு. பழைய விலைக்கு ஒத்துக்கிட்டவன் சரக்கை இழுத்தடிப்பான். அதனால கப்பலேத்தும் கடைசித் தேதி, தவறினா விலையில எவ்வளவு கழிப்பாங்க, ரெண்டையும் எழுதி வாங்கிடுங்க. பெரிய அறுவடை அக்டோபர்லதான் தொடங்கும். கிறிஸ்துமஸ் கேக் சரக்குக்கு அதை நம்பாதீங்க.

ஈரம்தான் பெரிய எமன். ஒரு தடவை கண்டெய்னர் கதவைத் திறந்தா, கூரை வேர்த்து மேல்வரிசை மூட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. உள்ள பவுடர் கருங்கல்லு! இப்ப ஈரம் உறிஞ்சும் பை தொங்கவிடச் சொல்லிடுறேன். இறக்கும்போது மேல்வரிசையில நாலு மூட்டையாவது அமுக்கிப் பாருங்க. கட்டி தட்டுப்பட்டா லாரியில ஏத்தாம, முதல்ல போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸ்காரருக்கு அனுப்புங்க.