யோசனைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்: முதல்முறை செய்பவர்களுக்கான விளக்கம்

கவலைப்பட்டுக் கனக்க யோசிக்கிற ஆளிடம் எல்லோரும் சொல்வது, "யோசிக்காதேங்கோ, எல்லாம் சரிவரும்." அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் மூளை அப்படிக் கேட்பதில்லை. 1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவும் சிலரை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். திரும்பத் திரும்ப மணி அடித்தது. வாடகை, பிள்ளையின் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட், கனடாவில் இருக்கும் மகன் இரண்டு நாளாகப் போன் எடுக்காதது, எல்லாம் இப்படித்தான், தள்ளத் தள்ளத் திரும்பி வரும்.

அதனால் யோசனையோடு மல்லுக்கட்டாமல் அதற்கென்று ஒரு நேரத்தைக் கொடுத்துவிடலாம். தோமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1983இல் எழுதிய முறை இது, இன்றைக்கும் சிகிச்சையில் பயன்படுகிறது. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

முதலாவது: நேரமும் இடமும்

தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணித்தியாலம். தொடக்கத்தில் 15 நிமிடம் என்றாலும் பரவாயில்லை. வேலை முடிந்து 100ஆம் நம்பர் பஸ்ஸில் இடிபட்டு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஆறரை மணிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கட்டில் மட்டும் வேண்டாம், படுக்கப் போகும் நேரமும் வேண்டாம், ஏனென்றால் படுத்ததும் யோசிக்கிற பழக்கத்தைத்தான் இங்கே உடைக்கப் பார்க்கிறோம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒற்றை அறை அனெக்ஸில் நாலு பேர் இருக்கிற வீட்டில் தனி இடம் எங்கே என்று கேட்பீர்கள். சமையலறை மூலையில் ஒரு கதிரை போதும், இல்லாவிட்டால் மெரின் டிரைவ் கடற்கரைப் பக்கம் போய் உட்காருங்கள்.

இரண்டாவது: பகலில் வந்தால் ஒரு வரி

பகலில் யோசனை வரும், வரட்டும். போனிலோ துண்டுக் கடதாசியிலோ ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "வீட்டுக்காரர் வாடகை கூட்டப் போகிறார்." அவ்வளவுதான், முழுக் கதையையும் எழுதத் தொடங்கினால் அங்கேயே அரை நாள் போய்விடும். ஆறரைக்குப் பார்ப்போம் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கையில் இருந்த வேலைக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் அதே யோசனை மறுபடி வந்தால் மறுபடி அதையே சொல்லுங்கள். முதல் கிழமை இது பெரிய கஷ்டமாக இருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது: கொப்பியைத் திறப்பது

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பகலில் எழுதிய வரிகளை வாசியுங்கள். சிலது மாலைக்குள் தானாகவே சப்பென்று போயிருக்கும், வெட்டிவிடுங்கள். மிச்சத்தை இரண்டாகப் பிரியுங்கள், நான் ஏதாவது செய்யக்கூடியவை ஒரு பக்கம், என் கையில் இல்லாதவை மறுபக்கம்.

செய்யக்கூடியதற்கு நேரே மிகச் சின்ன அடுத்த வேலையை நாளோடு எழுதுங்கள். "வாடகைப் பிரச்சினையைத் தீர்ப்பது" என்று எழுதிப் பயனில்லை. "சனிக்கிழமை காலை வீட்டுக்கார அன்ரியிடம் அட்வான்ஸை இரண்டு தவணையாகத் தரலாமா என்று கேட்பது" என்று எழுதினால், அதைச் செய்ய முடியும். ரிசல்ட் எப்படி வரும் என்பது மறுபக்கம் போகிற விஷயம், அதை எழுதி, பயமாக இருக்கிறது என்றும் எழுதி, அப்படியே விடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு வைத்த அலாரம் அடித்தால் பாதியில் நின்றாலும் கொப்பியை மூடிவிடுங்கள், மிச்சம் நாளைக்கு.

உடம்பு படபடத்தால்

நெஞ்சு அடிக்கும்போது, கை வியர்க்கும்போது எழுத முடியாது. மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், சில நிமிடம். மூச்சு வெளியே போகும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் குறையும், அதனால்தான் விடுவதை நீட்டச் சொல்கிறேன். அடுத்தது பிளேன்டீ, பால் சேர்க்காத தேநீர், அதுவும் படபடப்பைக் கூட்டலாம். அதிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் இருக்கும். நாளுக்கு ஆறு ஏழு கோப்பை குடிப்பவர்கள் பின்னேரத்துக்குப் பிறகு குடிப்பதை மட்டுமாவது நிறுத்திப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவதையோ, மயூரபதி அம்மனிடம் வேண்டிக்கொள்வதையோ இதற்காக விட வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே போகலாம்.

எப்போது டொக்டரிடம் போவது

நித்திரை, சாப்பாடு, வேலை எல்லாம் குழம்பினாலோ, மாதக்கணக்கில் பெரும்பாலான நாட்களும் இப்படியே போனாலோ கொப்பி மட்டும் போதாது. தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பு வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக நெஞ்சுவலி வந்தால் பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் காசு கட்டத் தேவையில்லை. உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆறரை மணிவரை காத்திருக்க வேண்டாம், 1926க்கு எடுங்கள், இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, இரவிலும் எடுக்கலாம்.