கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் உடம்பு பிடித்துவிடும் முறை

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண் நடு இரவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும்போது, வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய நல்ல உதவிகளுள் ஒன்று, பதமாக எண்ணெய் தேய்த்துவிடுவது. ஆனால் கர்ப்பிணியின் உடலில் தொடக்கூடிய இடமும் கூடாத இடமும் உண்டு என்பதை அறிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கருப்பையில் கீழிறங்கி இருத்தல், குறைப்பிரசவ அறிகுறி, முன்பு இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்த வரலாறு ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் சம்மதித்த பின்பே தொடங்குங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், திடீரென முகம் வீங்குதல் ஆகியவை நெற்றியில் தைலம் தேய்த்துச் சமாளிக்கும் நோவுகள் அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். கருப்பையின் எடை, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாளத்தை அழுத்துவதால், தாய்க்குத் தலைசுற்றலும் குழந்தைக்கு இரத்த ஓட்டக் குறைவும் ஏற்படலாம். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணையும், வயிற்றுக்கு அடியில் மடித்த பழம்புடவையும் வையுங்கள். படுப்பதே சிரமம் என்றால், நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அதன் முதுகுப்பலகையில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளலாம்.

மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து, இளஞ்சூடான நல்லெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ எடுத்துக்கொள்ளுங்கள். தோளிலிருந்து தொடங்கி, முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் அதன் இரு பக்கத்துச் சதையையும் உள்ளங்கையால் நீவிக்கொண்டு இடுப்புக்கு வாருங்கள். பிட்டத்துக்கு மேலே உள்ள முக்கோண எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அவள் போதும் என்று சொல்லும் அளவுக்கு நிதானமாக அழுத்திப் பிடித்திருங்கள். பிரசவ வலி வந்து இடுப்பு விட்டுப்போவது போல் இருக்கும்போதும் பல பெண்களுக்கு ஆறுதல் தருவது இந்த அழுத்தம்தான். ஆகவே கணவர் இதை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது. கால் மணி நேரம் போதும். எழுமுன் உள்ளங்காலில் ஒட்டிய எண்ணெயைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், வழுக்கி விழாதிருக்க.

கால்களில் தனிக் கவனம் தேவை. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இரத்தம் உறையும் தன்மை கூடியிருப்பதால், கெண்டைக்காலை ஒருபோதும் அழுத்திப் பிசையக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருந்தால், அதில் கை வைக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவில் வரும் குரக்குவலிக்கு, பாதத்தைப் பிடித்து விரல்களை முழங்கால் பக்கமாக மெல்ல மடக்கினாலே பெரும்பாலும் விட்டுவிடும்.

வயிற்றின் மேல் எண்ணெயை இதமாகத் தடவலாம்; அழுத்தக் கூடாது. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று வயிற்றைப் பிடித்துத் திருப்பிவிட முயல்வதை நான் எந்தச் சமாதானத்துக்காகவும் ஏற்க மாட்டேன். அது குழந்தையின் இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி, உடனே அறுவைசிகிச்சை செய்யவும் வசதியுள்ள இடத்தில் மகப்பேறு மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

பிரசவத்துக்குப் பிறகும் இதே கட்டுப்பாடு பொருந்தும். பிரசவமானவுடன் தொப்புள் மட்டத்தில் இருக்கும் கருப்பை சுமார் 2 வாரத்தில் இடுப்புக்குழிக்குள் தானாகவே இறங்கிவிடும். பழைய அளவை எட்ட ஏறக்குறைய 6 வாரம் ஆகும். ஆகவே கெட்ட இரத்தத்தை வெளியேற்றுவதாகச் சொல்லி வயிற்றைப் பிசைவதற்கோ, வெந்நீரை வீசி அடிப்பதற்கோ தேவையே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவுக்கு இரத்தம் போனாலோ காய்ச்சல் கண்டாலோ தேய்ப்பை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

சிசேரியன் ஆன பெண்ணுக்குத் தோள், கழுத்து, கை ஆகியவற்றைச் சில நாட்களிலேயே பிடித்துவிடலாம். தையல் பக்கம் போக வேண்டாம். தழும்பு முழுதும் ஆறி, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, அதைச் சுற்றியுள்ள தோலை விரல்நுனியால் மெல்ல அசைத்துவிடலாம்.

பால் கட்டிக்கொண்ட மார்பைக் கசக்கினால் வீக்கம்தான் கூடும். பாலின் மேல் படிந்த ஆடை கலையாமல் தொடுவது போல, அக்குளை நோக்கி மேலாக வருடினால் போதும். குனிந்தே பால் கொடுத்து இறுகிப்போன அவளது தோள்பட்டைக்குத்தான் உங்கள் கை அதிகம் வேண்டியிருக்கும். குழந்தை பசியாறித் தூங்கியதும் அவளை உட்காரவைத்து, கழுத்தின் அடியிலிருந்து தோள்மூட்டு வரை கட்டைவிரலால் மெதுவாக நீவிவிடுங்கள்.