சிறை மருத்துவத்துக்கு வெளிநாட்டுக் கூட்டு: திட்டம் எழுதுவோருக்குச் சில சொற்கள்

சிறை மருத்துவத்துக்கு வெளிநாட்டு உதவி வருகிறது என்றதும் கருவிகளின் பட்டியல்தான் முதலில் தயாராகிறது. அந்தத் தாளைச் சற்று ஓரமாக வையுங்கள். உதவும் நாட்டுக்கும் பெறும் நாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து இத்தகைய திட்டங்களை எழுதுவதுதான் என் வேலை. இரு தரப்பிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இது: சிறை மருத்துவருக்குச் சம்பளம் தருவது யார், உத்தரவு போடுவது யார்?

இரண்டும் சிறைத் துறைதான் என்றால், புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் சுகாதார அமைச்சகமும் கையெழுத்திட வேண்டும். கைதி ஒரே இடத்தில் இருப்பவர் அல்லர். இன்று நீதிமன்றம், அடுத்த வாரம் வேறு சிறை, பிறகு ஜாமீன். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம். பாதியில் வெளியே போனவரை எந்த மருத்துவமனை ஏற்கும் என்பதைச் சிறைத் துறையால் தீர்மானிக்க முடியாது. நார்வே 1988-லும் பிரான்ஸ் 1994-லும் சிறை மருத்துவத்தைப் பொதுச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்தன; இங்கிலாந்தில் அந்த மாற்றம் 2006-ல் முடிந்தது. ஆனால் முதல் கூட்டத்திலேயே இந்த ஒப்படைப்பைக் கேட்டுவிடாதீர்கள். விருந்துக்கு வந்தவர் பெட்டிச் சாவியைக் கேட்டது போல ஆகிவிடும். இரு துறைகளும் மாதம் ஒருமுறை கூடும் குழு போதும், தொடக்கத்துக்கு.

ஒப்பந்த வாசகத்துக்கு நெல்சன் மண்டேலா விதிகளை எண்ணோடு எடுத்தெழுதுங்கள். கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளாக 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஏற்றவை அவை. வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான சிகிச்சை கைதிக்கும் வேண்டும் என்கிறது 24-ஆம் விதி. மருத்துவர் எடுத்த சிகிச்சை முடிவை மருத்துவம் சாராத சிறை ஊழியர் மாற்றக்கூடாது என்கிறது 27-ஆம் விதி. வெளிநாட்டு நிபுணரின் யோசனையை மறுக்கும் அதிகாரிக்கும் இவற்றை மறுப்பது கடினம்.

அடுத்து, எந்த அறிக்கையையும் நம்பாமல், புதிதாக வருவோரைச் சோதிக்கும் அறையில் ஒரு முழு நாள் நில்லுங்கள். கவனிக்க வேண்டியது காவலர் நிற்கும் தூரம். பேச்சு அவர் காதில் விழும் என்றால், போதை ஊசிப் பழக்கத்தையும் எச்.ஐ.வி. மாத்திரையையும் யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். அடிபட்ட தழும்புக்கு ‘வழுக்கி விழுந்தேன்’ என்றே பதில் வரும். கதவில் கண்ணாடி பதித்தால் காவலருக்குப் பார்க்க முடியும், கேட்க முடியாது. திட்டத்திலேயே மிக மலிவான செலவு அதுதான், ஆனால் எந்தப் பட்டியலிலும் நான் அதைக் கண்டதில்லை!

அதே அறையில் இன்னொன்றும் பாருங்கள்: வாயிலில் கைதியின் பையிலிருந்து எடுக்கப்பட்ட மாத்திரைகள் எங்கே போகின்றன? வலிப்பு மாத்திரையோ இன்சுலினோ ‘உடைமைகள்’ என்று பூட்டப்பட்டுவிட்டால், மறுநாள் காலை மருத்துவர் வரும்வரை காத்திருக்க நோய்க்குப் பொறுமை கிடையாது. பறிமுதலான மருந்து அன்றே செவிலியர் கைக்குப் போகும் என்று ஒரு வரி நடைமுறையில் சேருங்கள்.

இப்போது கருவிக்கு வருவோம். காசநோயையும், அதன் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010-ல் பரிந்துரைத்தது. நல்ல கருவி. ஆனால் அதற்குச் சீரான மின்சாரம் வேண்டும், சளி மாதிரியை இட்டுச் சோதிக்கும், காலாவதியாகாத கார்ட்ரிட்ஜ் வேண்டும், அவ்வப்போது அளவுத்திருத்தமும் வேண்டும். நிதி நின்ற மறு ஆண்டு கார்ட்ரிட்ஜ் எந்த வரவுசெலவுத் தலைப்பில் வாங்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே இறக்குங்கள். எதிர்ப்புத்தன்மை உள்ள காசநோய்க்கான மருந்து கைவசம் இல்லாமல் அந்த நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சளி எடுப்பதை யாராவது நேரில் பார்க்க வேண்டும், அதுவும் திறந்த வெளியில். 1990-களில் முன்னாள் சோவியத் நாடுகளின் சிறைகளில், நல்ல உணவு கிடைக்கும் காசநோய்ப் பிரிவுக்குப் போக நோயாளியின் சளியை விலைக்கு வாங்கித் தம்முடையது என்று கொடுத்த கைதிகள் உண்டு. அதில் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எல்லாப் பிரிவிலும் சாப்பாடு ஓரளவு ஒன்றாக இருந்தால் அந்த வியாபாரம் படுத்துவிடும். அஜர்பைஜானில் 1995-ல் சிறைக் காசநோய்ப் பணியைத் தொடங்கிய பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு போன்றவர்களிடம் இத்தகைய அனுபவம் நிறைய உண்டு, போய்க் கேளுங்கள். ஆனால் சிறைகளில் அவர்கள் கண்டதை அரசிடம் மட்டுமே பேசுவார்கள். அறிக்கை கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

பயிற்சி: இயக்குநர்களின் வெளிநாட்டுச் சுற்றுலாவை வெட்டுங்கள். செவிலியரோடு செவிலியர், மருந்தாளுநரோடு மருந்தாளுநர் என்று இணை சேருங்கள். காவலர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நள்ளிரவில் வலிப்பு வந்தவரை முதலில் பார்ப்பவர் அவர்தான்.

கடைசியாக விடுதலை. ஜாமீன் கிடைத்தவர் பல இடங்களில் நீதிமன்றத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போய்விடுகிறார். மருந்துக்காகச் சிறைக்குத் திரும்பி வருபவரைக் காண்பது அரிது. ஆகவே வாய்தாவுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவர் சட்டைப்பையில் சிகிச்சை அட்டையின் நகலும் ஒரு வாரத்துக்கான மாத்திரையும் இருக்கட்டும். அட்டையில் சிறையின் பெயரோ முத்திரையோ வேண்டாம். மருந்தின் பெயர், அளவு, அடுத்து போக வேண்டிய மருத்துவமனை, அங்கே கேட்க வேண்டிய பிரிவு ஆகியவை போதும்.