ஜப்பானிய வாளில் பெயர் எங்கே இருக்கும்?

கத்தானாவில் எழுத்தைத் தேடி அலகைத் தடவிக்கொண்டிருக்காதீர்கள், அது பிடிக்குள் இருக்கிறது. பிடியில் செருகியிருக்கும் சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவரும். உள்ளே இரும்பில் மேலிருந்து கீழாக உளியால் வெட்டியிருப்பதுதான் 'மேய்'. ஒரு பக்கம் கொல்லன் பெயர், சிலசமயம் ஊரும் சேர்ந்து. தேதி இருந்தால் பெரும்பாலும் மறுபக்கம். அது ஜப்பானியப் பேரரசர் ஆட்சியாண்டுக் கணக்கில் இருக்கும். ஷோவா ஆட்சியின் 18-ஆம் ஆண்டு, அதாவது ஷோவா 18 என்றிருந்தால் 1925-ஐக் கூட்டுங்கள், 1943. மாதம் மட்டும் இரண்டு, எட்டு என்றே திரும்பத் திரும்ப வரும், அது ஒரு சம்பிரதாயம், அப்படியே நம்ப வேண்டாம். பெரிய கொல்லன் பெயரைப் பார்த்ததும் துள்ளவும் வேண்டாம், போலிக் கையெழுத்து அந்தக் காலத்திலேயே சகஜம். அப்புறம், எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று அங்கிருக்கும் கருந்துருவைத் தேய்த்துவிடாதீர்கள்! வயதைக் கணிக்க அதையும்தான் பார்ப்பார்கள், தேய்த்தால் வாளின் மதிப்பே போச்சு. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், போதும்.