தங்க நானோ துகளில் நிறம் மாறும் உணரி: முதல்முறை செய்பவர்களுக்கு

13 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் மிதக்கும் தண்ணீர் மஞ்சளாக இருக்காது, மாணிக்கச் சிவப்பாக இருக்கும். ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1857லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் உப்புக் கரைசலை விட்டால் சில நொடிகளில் நீலமாகிவிடும். தங்கம் வேறொரு சேர்மமாக மாறியதால் அல்ல. விலகி விலகி மிதந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான்.

ஒளி பட்டதும் துகளிலுள்ள எலெக்ட்ரான்கள் சேர்ந்து அசைகின்றன. துகள் தனித்திருந்தால் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்கும், நமக்குச் சிவப்பு தெரியும். துகள்கள் நெருங்கினால் விழுங்கும் ஒளி 650 பக்கம் நகரும், நமக்கு ஊதாவோ நீலமோ தெரியும். நாம் தேடும் பொருள் மட்டும் துகள்களைச் சேர்த்துவைக்கும்படி செய்துவிட்டால் அதுதான் உணரி. அந்த ‘மட்டும்’ என்ற சொல்லுக்குத்தான் பாதி உழைப்பு போகும்.

இங்கே பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற சேர்மத்தைத் தேடுவோம். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் சோதனையை ஏமாற்றத்தான் 2008இல் சீனாவில் பாலில் அதைக் கலந்தார்கள்.

படி 1: கண்ணாடிச் சாமான்

ராஜ திராவகத்தால் (தங்கத்தையே கரைக்கும் கடும் அமிலக் கலவை) கழுவச் சொல்வார்கள். ஆய்வகத்தில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். புதுக் குடுவையும் கரைசலைக் கிளறும் புதுக் காந்தத் துண்டும் வாங்கி, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசினால் தொடக்கத்துக்குப் போதும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. நான் ஒருமுறை குழாய்நீரில் கழுவிய குப்பியில் மாதிரியை ஊற்றினேன். உடனே நீலமானது. அரை நாள் சந்தோஷமாக இருந்தேன், கண்டுபிடித்தது உப்பைத்தான் என்று தெரியாமல்.

படி 2: துகள் செய்தல்

இது 1951இல் டர்க்கெவிச் குழுவினர் விளக்கிய சிட்ரேட் முறை. தங்கம் அடங்கிய சேர்மமான குளோரோ ஆரிக் அமிலத்தின் முந்நீரேற்று 19.7 மில்லிகிராமை 50 மில்லி நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார். எடுக்க உலோகக் கரண்டி வேண்டாம், அரித்துவிடும். கையுறை கட்டாயம், தோலில் பட்டால் அரிப்பதோடு ஊதாக் கறையும் விழும். இன்னொரு குப்பியில் டிரைசோடியம் சிட்ரேட் ஈர்நீரேற்று 114 மில்லிகிராமை 10 மில்லி நீரில் கரைத்து வையுங்கள்.

தங்கக் கரைசலை வேகமாகக் கிளறியபடி நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் சிட்ரேட் 5 மில்லியை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் துகள்கள் ஒரே அளவில் வராது. இனிக் குடுவையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். வெளிர்மஞ்சள் மறைந்து நிறமற்றுப் போகும், பிறகு மை கலந்ததுபோல் கறுக்கும், அது ஊதாவாகித் தெளிந்து, கடைசியில் சிவப்பு வந்து நிற்கும். கறுத்ததைப் பார்த்துப் பயந்து அடுப்பை அணைத்துவிடுபவர்கள் உண்டு. நிறம் நிலைத்த பிறகும் 10 நிமிடம் கொதிக்கட்டும், ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்டிவிட்டு, கிளறியபடியே ஆறவிடுங்கள்.

படி 3: நலம் பார்த்தல்

நாலைந்து மடங்கு தண்ணீர் சேர்த்து, எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் நிறமாலைமானியில் வையுங்கள். அப்படியே வைத்தால் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருக்கும். 520 அருகே ஒற்றை முகடு, 650இல் ஏறக்குறைய தரைமட்டம் என்றால் நல்ல தொகுதி, அதாவது இம்முறை செய்த கரைசல் நன்றாக வந்திருக்கிறது. அடுத்து 1 மில்லி எடுத்து, 1 மோலார் உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். நீலமாக வேண்டும். ஆகாவிட்டால் துகளின்மேல் வேறு எதுவோ படிந்து காவல் காக்கிறது, அந்தத் தொகுதி உணரிக்கு ஆகாது.

படி 4: மெலமைன்

சிட்ரேட் பூச்சின் எதிர்மின்னூட்டம்தான் துகள்களை விலக்கி வைக்கிறது. மெலமைன் தன் நைட்ரஜன்களால் தங்கத்தைப் பற்றி, சிட்ரேட்டைத் தள்ளிவிட்டுத் துகள்களை இணைக்கும். 1, 2, 5, 10, 20 மைக்ரோமோலாரில் கரைசல்கள் தயாரித்து, ஒவ்வொன்றிலும் அரை மில்லியோடு நீர் சேர்த்த தங்கம் அரை மில்லி கலந்து, எல்லாவற்றுக்கும் சரியாக 10 நிமிடம் கொடுங்கள். எந்த அளவில் நிறம் திரும்பும் என்பது தொகுதிக்குத் தொகுதி மாறும். 650இல் கிடைத்த உறிஞ்சலை 520இல் கிடைத்த உறிஞ்சலால் வகுத்து வரும் விகிதத்தை வரைபடமாக்குங்கள். கருவி இல்லையென்றால் வெள்ளைத் தாள் பின்னணியில், ஒரே விளக்கொளியில் கைபேசிப் படம் எடுத்துச் சிவப்பு–நீல மதிப்புகளை ஒப்பிடலாம். தானியங்கி நிறச் சீரமைப்பை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கூடவே மூன்று குப்பிகள் அவசியம்: வெறும் நீர், மாதிரியில் இருக்கும் அளவு உப்பு மட்டும் கலந்த நீர், யூரியா கரைசல். மூன்றும் சிவப்பாகவே இருந்தால்தான் நீலத்தை நம்பலாம்.

படி 5: உண்மையான பால்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பால் புரதம் துகளைப் போர்த்திக்கொள்ளும். மெலமைன் இருந்தாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். புரதத்தை நீக்க டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் சேர்த்து, மையவிலக்கியில் சுழற்றி வடிகட்டுவார்கள். அந்த அமிலமோ சிட்ரேட்டின் மின்னூட்டத்தைக் குறைத்துத் தானாகவே நீலமாக்கிவிடும். அமிலத்தை நடுநிலையாக்கினால் உப்பு சேரும். ஆகவே மெலமைன் இல்லாத பாலை இதே வழியில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள், அது சிவப்பாக நிற்கும்வரை வடிநீரை நீர்க்கச் செய்யுங்கள். பிறகு அதே பாலில் தெரிந்த அளவு மெலமைன் சேர்த்து, சேர்த்த அளவு விடையில் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

வெள்ளித் துகளிலும் இதையெல்லாம் செய்யலாம். விலை குறைவு, மஞ்சள் நிறம், முகடு 400 அருகே. ஆனால் வெள்ளி எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும், குளோரைடு பட்டாலும் கெடும். முதல்முறைக்குத் தங்கமே மேல்.

மீந்த கரைசலை இருட்டில், 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்துவிடாதீர்கள். உறைந்து உருகினால் துகள்கள் அடியில் கறுப்பாகப் படிந்துவிடும், எவ்வளவு குலுக்கினாலும் சிவப்பு திரும்பாது.