கூலன்ட் வெப்பநிலை: உங்கள் காரின் இயல்பான அளவை நீங்களே கண்டறியும் முறை

டாஷ்போர்டில் உள்ள வெப்பநிலை முள் நடுவில் நின்றால் இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறோம். நானும் பல ஆண்டுகள் அந்த முள்ளை அப்படியே நம்பியிருந்தேன். ஒரு நாள் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, பழகிப் பார்ப்பதற்காக மாட்டியிருந்த ஓபிடி கருவி (காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படித்துக் காட்டுவது), இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பநிலையை 104, 106, 109 என்று ஏற்றிக்கொண்டே போனது. முள்ளோ நடுக்கோட்டை விட்டு நூலிழைகூட அசையவில்லை. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பானெட்டைத் திறந்து பார்த்தால், அவ்வளவு சூட்டிலும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமல் நின்றிருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே பழுதாகியிருந்தது என்பது பிறகு தெரிந்தது. சிறிய பாகம்தான், ஆனால் முள்ளை மட்டும் நம்பி இன்னும் சிறிது நேரம் ஓட்டியிருந்தால் இன்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிய நிலை வந்திருக்கும்.

முள் ஏன் அசையவில்லை? இன்றைய கார்கள் பலவற்றில் அந்த முள் சென்சாருடன் நேரடியாக இணைந்து இயங்குவதில்லை. இடையில் இருக்கும் கணினி, ஏறத்தாழ 75 அல்லது 80 டிகிரி செல்சியஸில் தொடங்கி 105 அல்லது 110 வரை உள்ள எந்த வெப்பநிலையையும் "நடுவில்" என்றே காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சிறு ஏற்ற இறக்கங்களைக் கண்டு ஓட்டுநர்கள் பதறக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. முள்ளே இல்லாமல், குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிகையாகச் சூடேறினால் சிவப்பு விளக்கு என்று இரண்டை மட்டும் வைத்திருக்கும் கார்களும் உண்டு. ஆகவே உண்மையான எண்ணைப் பார்க்கும் பழக்கத்தை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இயல்பான அளவு என்பது எது?

பெரும்பாலான கார்களில் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு கூலன்ட் 85 முதல் 105 டிகிரி வரை இருக்கும். இந்த அளவைத் தீர்மானிப்பது முதலாவதாகத் தெர்மோஸ்டாட். அதன் உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது. அதுவரை ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த கூலன்ட், அதன் பிறகு ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. தெர்மோஸ்டாட்டின் மேல் 82, 88 என்பது போலப் பொறிக்கப்பட்டிருக்கும் எண் அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலையாகும். முழுவதும் திறப்பதற்கு மேலும் 10 முதல் 15 டிகிரி வரை ஏற வேண்டியிருக்கும். இரண்டாவதாக ரேடியேட்டர் ஃபேன், வண்டி நிற்கும்போது எண் எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்கிறது.

நூறு டிகிரியைத் தாண்டியதும் கொதித்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றினாலே ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே கூடுதல் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், காருக்குள் அந்தக் கொதிநிலை 120 டிகிரிக்கும் மேலே போய்விடுகிறது. மூடியின் ரப்பர் நைந்து அழுத்தம் கசியத் தொடங்கினால் இந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும் என்பதால், அந்தச் சிறிய மூடியையும் இன்ஜினின் ஒரு முக்கியமான பாகமாகவே கருத வேண்டும்.

கணினியால் கட்டுப்படுத்தப்படும் தெர்மோஸ்டாட் உள்ள சில இன்ஜின்கள், சுமையில்லாமல் ஓடும்போது எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக 105 டிகிரியை ஒட்டியே இயங்கும்; மலைச்சாலையில் சுமை கூடியதும் தாமாகவே 90-க்கு அருகில் இறங்கிவிடும். எனவே நண்பரின் காரில் தெரியும் எண்ணை உங்கள் காருக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். நாம் கண்டறியப்போவது உங்கள் காருக்கு மட்டுமே உரிய எண்களை.

முதல் படி: கருவியை இணைத்தல்

ஸ்டீயரிங்கின் கீழே, டாஷ்போர்டின் அடிப்பகுதியில் 16 துளைகள் கொண்ட ஓபிடி இணைப்பு இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும், டீசல் கார்களுக்கு 2004 முதலும் இது கட்டாயமாக்கப்பட்டது. அதில் பொருத்தும் சிறிய அடாப்டர் ஒன்றும், கைப்பேசியில் அதற்கான செயலி ஒன்றும் இருந்தால் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகையையோ புளூடூத் லோ எனர்ஜி வகையையோ வாங்க வேண்டும். பழைய புளூடூத் அடாப்டர்கள் பெரும்பாலும் அதில் வேலை செய்வதில்லை. செயலியில் "இன்ஜின் கூலன்ட் வெப்பநிலை", "உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை" ஆகிய இரண்டையும் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். காரை நாள்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். அது பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்.

இந்த இணைப்பு இல்லாத பழைய கார்களில் அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூட்டின் மீது காட்டி அளக்கலாம். பளபளப்பான அலுமினியத்தின் மீது நேரடியாக அளந்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அந்த இடத்தில் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணத்தைச் சிறிதளவு பூசிவிட்டு, அதன் மீது அளந்தால் உண்மைக்கு அருகில் வரும்.

இரண்டாம் படி: குளிர்ந்த இன்ஜினில் பார்க்க வேண்டியவை

இரவு முழுவதும் நின்ற காரை அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். கூலன்ட் தொட்டியில் அளவு, குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், உங்கள் காரின் கையேட்டில் குறிப்பிட்ட அதே வகைக் கூலன்டை ஊற்றி நிரப்புங்கள். நிறம் ஒன்றாக இருப்பதை மட்டும் பார்த்து இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள். நிறம் என்பது தயாரிப்பவர் சேர்க்கும் சாயம்தான், உள்ளே இருக்கும் வேதிப்பொருளுக்கு அது உத்தரவாதம் இல்லை.

அடுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி இரண்டு எண்களையும் படியுங்கள். இரவெல்லாம் குளிர்ந்த இன்ஜினில் கூலன்டும் காற்றும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே மூன்று நான்கு டிகிரி வேறுபாடு இருந்தால் கவலையில்லை. கூலன்ட் 27 என்றும் காற்று 26 என்றும் காட்டினால் சென்சாரை நம்பலாம். ஒன்று 27, மற்றொன்று 45 என்றால் இரண்டில் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே அளப்பதில் பயனில்லை. மைனஸ் 40 என்று காட்டினால் அது பெரும்பாலும் சென்சாரின் கம்பி விட்டுப்போனதற்கான அடையாளம். காரின் கணினி இந்த எண்ணை அனுப்பும்போது 40-ஐக் கூட்டி அனுப்புகிறது, செயலி அதைக் கழித்துக் காட்டுகிறது. ஆகவே அளவுகோலின் அடிமட்டமே மைனஸ் 40-தான்.

எந்தச் செலவும் இல்லாத இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தொடக்கநிலையில் உள்ளவர்கள் தவிர்த்துவிட்டு நேராகச் சாலைக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: சூடேறும்போது கவனித்தல்

திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய கூடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஏசியை அணைத்துவிட்டு எண்ணை மட்டும் கவனியுங்கள். முதலில் அது சீராக ஏறும். எண்பதுகளுக்கு வந்ததும் ஏறும் வேகம் குறைந்து, சில கார்களில் இரண்டு மூன்று டிகிரி இறங்கி, மறுபடி ஏறும். அந்தச் சிறு இறக்கம்தான் தெர்மோஸ்டாட் திறந்த தருணம்: ரேடியேட்டரில் அதுவரை தேங்கியிருந்த குளிர்ந்த கூலன்ட் இன்ஜினுக்குள் நுழைகிறது. தெர்மோஸ்டாட் இன்ஜினிலிருந்து கூலன்ட் வெளியேறும் பக்கத்தில் அமைந்த கார்களில், ரேடியேட்டரின் மேல்பக்க ஹோஸ் (ரப்பர் குழாய்) அதுவரை வெதுவெதுப்பாக மட்டும் இருந்துவிட்டு அந்த நேரத்தில் சட்டென்று சூடாவதைக் காணலாம். கையால் தொட்டுப் பார்ப்பதாக இருந்தால் ஃபேனிலிருந்து விலகியே இருங்கள். மின்சார ஃபேன் எந்த நொடியிலும், சில கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும், தானாகச் சுற்றத் தொடங்கும்.

டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் மிக மெதுவாகவே சூடாகும் என்பதால், அதை மென்மையாக ஓட்டித்தான் இந்தப் படியை முடிக்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: ஃபேன் தொடங்கும் எண்ணும் நிற்கும் எண்ணும்

முழுவதும் சூடேறிய காரை நிறுத்தி வைத்து, ஏசி இல்லாமல் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். ஏசி ஓடினால் வெப்பநிலை எதுவாக இருந்தாலும் ஃபேன் சுற்றும் என்பதால் அளவு கிடைக்காது. என் காரில் நடப்பதைச் சொல்கிறேன். எண் 94, 95 என்று ஆற அமர ஏறி 98-ஐத் தொட்டதும், முன்பக்கத்தில் "டக்" என்ற ரிலேயின் ஓசையும் அதைத் தொடர்ந்து ஃபேனின் இரைச்சலும் கேட்கும். ஒரு கணம் 99 வரை போய், பின் ஒவ்வொன்றாகக் குறைந்து 93-க்கு வந்ததும் ஃபேன் ஓய்ந்துவிடும். மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். இப்படி மூன்று சுற்றுகளைப் பார்த்து, தொடங்கும் எண்ணையும் நிற்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேன், ரிலே, சென்சார், தெர்மோஸ்டாட், கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று இணைந்து செயல்படுவதை இந்த ஒரே சோதனை காட்டிவிடுவதால், எனக்கு இதுவே எல்லாவற்றிலும் மதிப்புமிக்க படி.

உங்கள் காரில் எண் 110-ஐத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் அத்துடன் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: சாலையில் பதிவு செய்தல்

ஓட்டும்போது திரையைப் பார்க்கக் கூடாது. செயலியின் பதிவு வசதியை இயக்கிவிட்டுப் பிறகு பாருங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சமதளச் சாலையில் சீரான வேகம், நீண்ட ஏற்றம், ஏசியுடன் நெரிசல் ஆகிய மூன்று நிலைகளிலும் எண் வேண்டும். வெளி வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டில் இவை 89, 96, 101 என்று இருக்கின்றன. ஒரே வாரத்தில் மூன்று நான்கு முறை குறித்தால் உங்கள் காரின் இயல்பு தெளிவாகிவிடும்.

எண் மாறினால் என்ன பொருள்?

நெரிசலில் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், ஃபேனில் குறை இருக்கலாம் அல்லது ரேடியேட்டரின் முகப்பை அழுக்கு அடைத்திருக்கலாம். இதற்கு நேர்மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் ஏறினால், ரேடியேட்டரின் உட்புற அடைப்பையோ பம்பின் தளர்ச்சியையோ சந்தேகிக்க வேண்டும். மெக்கானிக்கிடம் "வண்டி சூடாகிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த நிலையில் எந்த எண் வருகிறது என்று சொன்னால் அவருடைய தேடல் பாதியாகக் குறையும்.

குறைவான எண்ணும் நோய்தான். ஐட்லிங்கில் 90 வரை வந்துவிட்டு, சாலையில் ஓடும்போது 70-க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கக்கூடும். காரின் கணினி பி 0128 என்ற பிழைக்குறியீட்டைப் பதிவு செய்வதும் பெரும்பாலும் இதற்காகத்தான். முழுச்சூடு அடையாத இன்ஜின் கூடுதல் எரிபொருளைக் குடிக்கிறது, ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதில்லை, தேய்மானமும் கூடுகிறது. மிகைச்சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியாததால் இதை மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம்.

எண் மேலும் கீழுமாகத் துள்ளினால் கூலன்ட் குறைந்து காற்று புகுந்திருக்கலாம். எல்லாவற்றிலும் ஆபத்தானது, மிகுதியாகச் சூடேறிய இன்ஜினில் எண் திடீரென்று விழுவது. கூலன்ட் முழுவதும் கசிந்துவிட்டால் சென்சார் திரவத்தில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது அது காட்டும் குறைந்த எண்ணை நம்பித் தொடர்ந்து ஓட்டினால் இன்ஜின் அழிந்துவிடும்.

எண் ஏறிக்கொண்டே போனால்

ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச்சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான்; அது இன்ஜினின் சூட்டை உள்ளறைக்கு இழுத்துக்கொள்ளும். அப்படியும் இறங்கவில்லை என்றால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். நூறு டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கூலன்ட், மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்திலும் கையிலும் பீறிடும். குறைந்தது அரை மணி நேரம் கழித்து, மேல் ஹோஸைக் கையால் பிடித்திருக்க முடியும் அளவுக்கு ஆறிய பிறகே மூடியைத் தொட வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளவோ விரிசல் விடவோ அது காரணமாகலாம்.

இந்த நிலை வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செயலியில் ஓர் அலாரத்தை அமையுங்கள். குறிப்பேட்டில் உள்ள உங்கள் உச்ச எண்ணுடன் ஆறு அல்லது ஏழு டிகிரியைக் கூட்டி வைத்தால் போதும். என் உச்சம் 101 என்பதால் அலாரம் 108-இல் இருக்கிறது. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், கூலன்ட் ஆகியவற்றில் எதை மாற்றினாலும், இரண்டாம் படியிலிருந்து மறுபடி அளந்து புதிய எண்களை எழுதிவிட்டு அலாரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள்.