பழைய ஆல்ஃபா வாங்குகிறவர் முதலில் தகரத்தைப் பார்க்க வேண்டும்

மும்பையில் வளர்ந்த தமிழர்களுக்கு இத்தாலிய கார் அந்நியமான பொருள் அல்ல. குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100, பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறி, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ கட்டடங்களின் வாசலில் நின்றது. அதன் டாக்ஸி வடிவம் 2023 அக்டோபர் இறுதி வரை இந்நகரத் தெருக்களில் ஓடியது. ஸ்டியரிங்கை ஒட்டிய அந்தக் கியர்த் தண்டில் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் சிலருக்கு, அதே நாட்டில் பிறந்த ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் ஒன்றையோ ஃபியட் 124 ஸ்பைடர் ஒன்றையோ (ஸ்பைடர் என்பது மேற்கூரை இல்லாத சிறு கார்) சொந்தமாக வைத்துக்கொள்ளும் ஆசை நடுவயதில் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்த ஆசையோடு பணப்பையைத் திறக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த வண்டி என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பெர்ட்டோனே வடிவமைத்து 1963இல் வெளிவந்த ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி, பினின்ஃபரினா வடிவமைத்து 1966 முதல் 1993 வரை சிறு மாற்றங்களோடு விற்பனையில் இருந்த ஆல்ஃபா ஸ்பைடர், 1966இல் அறிமுகமாகி 1985 வரை தயாரான ஃபியட் 124 ஸ்பைடர் ஆகிய மூன்றுக்கும் உதிரிபாகங்கள் ஐரோப்பாவில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. முதல்முறை வாங்குகிறவர் இந்த மூன்றைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. லான்சியா ஃபுல்வியாவின் குறுங்கோண வி4 எஞ்சின் மிக அழகான வேலைப்பாடு கொண்டது. ஆனால் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை மும்பையில் கிடைப்பது அரிது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பலரும் செய்யும் தவறு, பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் சத்தத்தில் மயங்கிவிடுவது. இரண்டு வெபர் கார்புரேட்டர்கள் ஒன்றாக மூச்சிழுக்கும் அந்த ஒலிக்கு மயங்காதவர் இல்லை. நானும் மயங்கினேன். புதிதாகச் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்த ஒரு ஸ்பைடரை அப்படித்தான் வாங்கினேன். ஒரே மழைக்காலம் போனதும், கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்தில் சோற்றுப் பருக்கை அளவில் கொப்புளங்கள் எழும்பின. தாராவியில் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அந்தச் சட்டத்தை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனார். முதலில் 'டண் டண்' என்று கேட்டது. நடுவில் 'பொத்' என்று அமுங்கியது. "தம்பி, இது தகரம் இல்ல, பட்டி" என்றார். ஓட்டையை அடைத்து மேலே பெயிண்ட் அடிக்கப் பூசும் பசையைச் சொன்னார். விரல் நீளத்துக்குச் சுரண்டியதும் பட்டி அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. அடியில் இருந்த இரும்பு பழுப்புத் தூளாக உதிர்ந்தது. அந்த இரண்டு சட்டங்களையும் வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைக்க ஆன செலவில் எஞ்சினை இரண்டு முறை ஓவர்ஹால் செய்திருக்கலாம்.

இந்த வண்டிகளுக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸிஸ் கிடையாது. பற்றவைத்த தகரக் கூடே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. மேற்கூரை இல்லாத ஸ்பைடரில் அந்தப் பாரத்தின் பெரும்பங்கு கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டங்களின் மேல்தான் விழுகிறது. ஆகவே அவை அரித்திருந்தால் கெடுவது தோற்றம் மட்டுமல்ல. வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று பொருள். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கும். பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நின்றபோது இலகுவாக மூடிய கதவு, தூக்கியபின் இடித்தால் உடல் வளைகிறது என்று அறிந்து அங்கிருந்து புறப்பட்டுவிடுங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, காலடித் தரை, ஜாக்கி பொருத்தும் இடங்கள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஃபியட் 124 ஸ்பைடரில் இவற்றோடு முன் ஷாக் அப்சார்பர்கள் பூட்டியிருக்கும் கோபுரங்களையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்த மாடல் அங்கேதான் அதிகம் அரிக்கும். கடற்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள நகரத்தில் பல ஆண்டுகள் நின்ற வண்டி என்றால் இந்தச் சோதனைக்கு அரைநாள் ஒதுக்குங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, வண்டி குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆல்ஃபாவின் இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) எஞ்சின் 1954இல் 1290 சிசி அளவில் ஜூலியட்டா ஸ்பிரிண்டில் தொடங்கி, 1570, 1779, 1962 சிசி என வளர்ந்தது. அலுமினியத்தால் ஆன அதன் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே எண்ணெய் ஏறும் துளைகளைச் சுற்றிச் சிறு ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. அவை இறுகிப்போனால் எண்ணெய் தண்ணீரில் கலக்கும். ரேடியேட்டர் மூடியின் உட்புறத்தில் பால் விட்ட காபி நிறத்தில் குழம்பு படிந்திருந்தால் ஹெட்டைக் கழற்றும் செலவைக் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள். கியர்பெட்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் உறுமுவது இந்த வண்டிகளின் பழைய நோய். சூடான பிறகும் உறுமினால்தான் கவலைப்பட வேண்டும். ஃபியட் 124இன் இரட்டை கேம் எஞ்சினை வடிவமைத்தவர் அவ்ரேலியோ லாம்ப்ரெடி. அதில் கேம்ஷாஃப்ட்களைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதிலாகப் பல்வைத்த பெல்ட் ஓடுகிறது. அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சீட்டு இல்லையென்றால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையக்கூடும்.

தகரத்துக்கு அடுத்த இடம் காகிதத்துக்கு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஓர் எழுத்துக்கூட விடாமல் ஒப்பிடுங்கள். ஆல்ஃபாவில் 1966ஆம் ஆண்டின் முதல் ஸ்பைடருக்கு 105.03 என்றும் ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடியின் பின்னாளைய வடிவமான 2000 ஜிடி வேலோசேக்கு 105.21 என்றும் வகை எண் உண்டு. தகட்டில் வேறு எண் இருந்தால் இரண்டு வண்டிகளை ஒட்டி ஒன்றாக்கியிருக்கிறார்களா என்று சந்தேகிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிக்குச் சுங்க வரி கட்டிய 'பில் ஆஃப் என்ட்ரி' இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். வேறு மாநிலப் பதிவு என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கையில் வந்த பிறகே முழுத்தொகையைக் கொடுங்கள். நீங்களே இறக்குமதி செய்யும் எண்ணமிருந்தால், சுங்க முகவர் ஒருவரிடம் மொத்தக் கணக்கையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.

50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவதற்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 'விஏ' என்ற எழுத்துகளோடு கூடிய எண் கிடைக்கும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வாகனப் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் லோனாவாலா வரை ஓட்டி மகிழ நினைப்பவர், சாதாரணப் பதிவு செல்லுபடியாகும் வண்டியைத் தேடி வாங்கி, அந்தப் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துவருவதே நல்லது. காப்பீட்டில் வண்டியின் மதிப்பு எவ்வளவு என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உடனே செய்ய வேண்டியது பெட்ரோல் குழாய்களை மாற்றுவது. இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 1960களின் ரப்பரை எத்தனால் ஊறவைத்து விரியச் செய்கிறது; காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து கார்புரேட்டரின் உட்புறத்தையும் அரிக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் அருகே ஒரு குழாய் கசிந்தால் வண்டி தீப்பிடிக்கக்கூடும். எத்தனால் தாங்கும் குழாய்களை டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை முழுவதுமாகப் போட்டு, காருக்குள் ஒரு தீயணைப்பானையும் பொருத்துங்கள். உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் பொருளின் விலையை விழுங்கிவிடும் என்பதால், ஓராண்டுக்குத் தேவையானதைப் பட்டியலிட்டு ஒரே பெட்டியாகத் தருவியுங்கள்.

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துத் துரு வேகமாக வளரும். காற்றுப் புகும் பருத்தி உறைதான் ஏற்றது. ஜூன் தொடங்குமுன் கதவுகளின் அடிப்பகுதியிலுள்ள வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, பக்கச் சட்டங்களின் உள்ளே துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சிவிடுங்கள். மழை விட்ட நாட்களில் பத்து நாளுக்கு ஒருமுறையாவது வண்டியை எடுத்து, எஞ்சின் எண்ணெய் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் எண்ணெயிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும். திரும்பி வந்ததும், டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து அடிப்பகுதியை ஒருமுறை பார்த்துவிட்டு, டயர் வளைவுகளில் ஒட்டிய சேற்றைக் கழுவி, வண்டி உலர்ந்த பிறகு உறையைப் போடுங்கள்.